ஏழாயிரம் வெள்ளி மருமகன்

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பத்து காவானில் அந்தத் தொழிற்சாலையின் வரவேற்பறையில் உட்கார்ந்து, விண்ணப்பப் படிவத்தின் எல்லாக் கட்டங்களையும் ஸ்ரீகரன் நிரப்பிவிட்டான். ஒன்று மட்டும் காலியாகக் கிடந்தது. கடைசியாக வாங்கிய சம்பளம். அடையாள அட்டை எண்ணைப் பார்க்காமலே எழுதியவனுக்கு, மாதா மாதம் வங்கியில் வந்து விழும் தொகையை எழுதக் கை வரவில்லை.

காரணம் இருந்தது. அவனுக்கு இரண்டு சம்பளம். ஒன்று பாயான் லெப்பாஸில் அவன் வேலை பார்க்கும் கம்பெனி கொடுப்பது, நாலாயிரத்துத் தொள்ளாயிரம் வெள்ளி. இன்னொன்று மாமனார் வீட்டில் புழங்குவது, ஏழாயிரம்.

இரண்டாவதைப் பெற்றுப் போட்டது அவன் அம்மா தவமணி. ஐந்து வருடத்துக்கு முன் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பா அம்பிகைபாகன், "தம்பிக்குச் சம்பளம் என்ன வருது?" என்று கேட்டார். அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து, பெரிய கிராணியாக ஓய்வு பெற்றவர். எதையும் நேராகத்தான் கேட்பார். அப்போது ஸ்ரீகரன் வாங்கியது நாலாயிரத்து இருநூறு. தவமணி கொஞ்சமும் தயங்காமல், "ஆறாயிரம் வருதுங்க" என்றாள். அவன் அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். எதிரே சுதர்ஷினி உட்கார்ந்திருந்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளை அவனுக்குப் பிடித்துப் போயிருந்தது. அதனால் பேசாமல் இருந்துவிட்டான்.

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் அதோடு ஒரு வருடம் குடித்தனம் நடத்திப் பார்க்க வேண்டும். அதற்கும் வருடா வருடம் சம்பள உயர்வு கொடுக்க வேண்டியிருந்தது. "இந்த வருஷம் எவ்வளவு ஏத்துனாங்க தம்பி?" என்று மாமனார் பொங்கலுக்குப் பொங்கல் கேட்பார். இருநூறு என்பான், இரண்டு தடவை வாய் தவறி முந்நூறு என்றான். அப்படியே அது ஏழாயிரத்தில் வந்து நின்றது. மனைவி கேட்டால், மிச்சம் சேமிப்பில் இருக்கிறது என்று சமாளித்தான். சனிக்கிழமை ஆனால் 'ஓவர்டைம்' என்று கிளம்பி, தன் காரில் கிராப் வாடகைச் சவாரி ஓட்டினான். தெரிந்தவர்கள் யாராவது ஏறித் தொலைக்கப் போகிறார்களே என்று தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்து விட்டுக்கொள்வான். அவன் அளவுக்குப் பயந்து பயந்து நேர்மையாக உழைத்தவன் பினாங்கிலேயே இருக்க மாட்டான்.

இந்தப் புது வேலைக்கு வழி காட்டியதும் மாமனார்தான். கோயில் கமிட்டியில் அவரோடு பொருளாளராக இருந்த தேவகுமார், பகலில் இந்தத் தொழிற்சாலையின் மனிதவள மேலாளர். "பழைய சம்பளத்துக்கு மேல இருபது பெர்சன்ட் போட்டுக் குடுப்போம் அங்கிள்" என்று அவர் ஒரு நாள் சொல்லப் போக, மாமனார் அங்கேயே மனக்கணக்குப் போட்டு வீட்டில் வந்து அறிவித்துவிட்டார். எட்டாயிரத்து நானூறு.

தேவகுமாரே வந்து படிவத்தை வாங்கிப் பார்த்தார். "ஸ்ரீ, இந்த பாக்ஸ் காலியா இருக்கே லா. மூணு மாச பே ஸ்லிப்பும் வேணும், இபிஎஃப் ஸ்டேட்மென்ட்டும் வேணும்."

சம்பளச் சீட்டைத் திருத்துவது பத்து நிமிட வேலை என்று கூட வேலை பார்க்கும் தனேஷ் சொல்லியிருந்தான். அரசாங்கத்திடம் இருக்கும் இபிஎஃப் சேமநிதிக் கணக்கை எவன் திருத்துவது? ஸ்ரீகரன் பேனாவை எடுத்தான். நாலாயிரத்துத் தொள்ளாயிரம் என்று எழுதிக் கொடுத்தான்.

தேவகுமார் புருவத்தைத் தூக்கினார். "அங்கிள் ஏழாயிரம்னு சொன்னாரே?"

"அவருக்கு அப்படித்தாண்ணே தெரியும்."

தேவகுமார் படிவத்தைக் கோப்புக்குள் வைத்து மூடினார். "இதுல இருக்கிறது வெளிய போகாது, ஸ்ரீ. ஒருத்தரோட சம்பளத்தை நான் எங்க வீட்டுலகூடப் பேச மாட்டேன். உங்க வீட்டுல நீங்கதான் சொல்லிக்கணும்."

இரண்டாம் பாலத்தில் தீவுக்குத் திரும்பும்போது ஸ்ரீகரன் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக ஒரு மனிதரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறான். வானம் இடிந்து விழவில்லை. இன்றிரவே சுதர்ஷினியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, என்னென்ன வார்த்தை என்றுகூட யோசித்து வைத்தான். அன்றிரவு அவளுக்குத் தலைவலி. மறுநாள் அவள் சந்தோஷமாக இருந்தாள்; அதைக் கெடுப்பானேன் என்று விட்டான். இப்படியே ஒரு வாரம் ஓடிவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது மின்னஞ்சலில் வேலைக் கடிதம் வந்தது. மேசை மேல் கிடந்த கைப்பேசியில் சுதர்ஷினி அதைப் பார்த்துவிட்டாள். துண்டோடு வெளியே வந்தவன் முன்னால் நீட்டினாள்.

"என்னங்க இது? ஐயாயிரத்துத் தொள்ளாயிரம்னு போட்டிருக்காங்க. இப்ப வாங்குறதைவிடக் கம்மி!"

ஸ்ரீகரன் அந்த எண்ணைப் பார்த்தான். கல்யாணத்துக்குச் சொன்ன பொய்யை எட்டிப் பிடிக்க இன்னும் நூறு வெள்ளி குறைந்தது. அழுவதா சிரிப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நான் பேசிக்கிறேன், சுதா."

"நீங்க எங்க பேசப் போறீங்க? யாரு தலையில குட்டினாலும் தேங்க்யூ சொல்ற ஆளு நீங்க. நான் அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

அவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அவள் தனக்காகக் கோபப்பட்டு மூச்சு வாங்க நின்றதைப் பார்த்ததும், துண்டால் தலையைத் துவட்டத் தொடங்கினான். காலையில் தேவகுமாருக்கு ஒரு தகவல் அனுப்பி எச்சரித்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காலையில் அதையும் அனுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் ஸ்ரீகரனும் சுதர்ஷினியும் உட்பட எல்லாரும் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றார்கள். தேவகுமார் கரண்டியைப் பிடித்துச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். அம்பிகைபாகன் நேரே அவர் முன்னால் போய் நின்றார்.

"கரண்டியைக் கீழ வை, குமார். என் மருமகன் ஏழாயிரம் வாங்குறவன். இருபது பெர்சன்ட் ஏத்தித் தரேன்னு என்கிட்ட சொன்னே. இப்ப ஆயிரத்து நூறு குறைச்சு லெட்டர் அனுப்புறே. அவன் வாயில்லாத பையன்னு நெனைச்சியா?"

"அங்கிள், அதை அப்புறம் பேசலாம்."

"இங்கேயே பேசு. வாக்கு மாறுறவன் கையில கோயில் கணக்கை எப்படி விட்டு வைக்கிறது? எல்லாரும் கேக்கட்டும்!"

தட்டுகளோடு நின்றவர்கள் நகரவில்லை. தேவகுமாரின் முகம் கறுத்துவிட்டது. அவர் மனைவி ரஜிதா சற்றுத் தள்ளி அப்பளக் கூடையோடு நின்று தரையைப் பார்த்தாள். படிவத்தில் இருந்ததை ஒரே ஒரு வரி சொன்னால் போதும், தேவகுமார் தப்பித்துக்கொள்வார். "ஒருத்தரோட சம்பளத்தைப் பத்தி நான் பேசக் கூடாது அங்கிள். மன்னிச்சிருங்க" என்று மட்டும் சொன்னார். ஸ்ரீகரன் இருந்த பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்து முறைத்திருந்தால் ஸ்ரீகரன் தாங்கிக்கொண்டிருப்பான்.

"மாமா." குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. என் சம்பளம் நாலாயிரத்துத் தொள்ளாயிரம்தான். கல்யாணத்துல இருந்து உங்ககிட்ட பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்."

அம்பிகைபாகன் அவனை உற்றுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் கண் கலங்கியது. இரண்டு கையாலும் அவனை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"பாத்தீங்களா?" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "தன்னை ஏமாத்தினவன் மானம் போகக் கூடாதுன்னு, தன் சம்பளத்தையே குறைச்சுச் சொல்லித் தன்னையே பொய்யன் ஆக்கிக்கிறான். இந்த மாதிரி மருமகன் யாருக்குக் கிடைக்கும்?"

"நெசமாத்தான் மாமா சொல்றேன்."

"போதும் தம்பி, போதும்."

யாரோ ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பேர் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். தேவகுமார் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு, ரஜிதாவை அழைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். ஐந்து வருடம் தாமதமாக வந்த உண்மைக்கு அந்த மண்டபத்தில் உட்கார ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், கார் ஜெலுத்தோங்கைத் தாண்டியதும் சுதர்ஷினி கேட்டாள்.

"நாலாயிரத்துத் தொள்ளாயிரமா?"

அவள் மட்டும் நம்பிவிட்டாள். "ஆமா."

"அப்ப சேமிப்பு?"

"இல்ல."

"சனிக்கிழமை ஓவர்டைம்?"

"கிராப் ஓட்டுறேன்."

அவள் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. "நான் என்ன, காசைப் பார்த்தா உங்களைக் கட்டிக்கிட்டேன்? அஞ்சு வருஷத்துல ஒரு நாள்கூட என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"தினமும் தோணுச்சு, சுதா." அவனுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் எங்கோ ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. சமிக்ஞை விளக்கில் வண்டியை நிறுத்தியவன், "இப்பவே மாமா வீட்டுக்குத் திருப்புறேன்" என்றான். "இபிஎஃப் ஸ்டேட்மென்ட் போன்லதான் இருக்கு. கண்ணால பார்த்தா நம்பித்தானே ஆகணும்?"

"வேணாம்."

"தேவகுமார் அண்ணனை நெனைச்சுப் பாரு."

"எங்கப்பாவை நீங்க நெனைச்சுப் பாருங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். "ஊரைக் கூட்டி வெச்சு உங்களுக்காகச் சண்டை போட்டாரு. கட்டிப்பிடிச்சு அழுதாரு. அதெல்லாம் ஒரு பொய்க்காகன்னு தெரிஞ்சா, அடுத்த வெள்ளிக்கிழமை எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அங்க போவாரு? அந்தக் கோயிலை விட்டா அவருக்கு வேற போக்கிடம் ஏது?"

விளக்கு பச்சையானது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். ஸ்ரீகரன் வண்டியை நேராக எடுத்தான்.

சுதர்ஷினி கைப்பேசியை எடுத்து எண்ணைத் தட்டினாள். ஆரம்பப் பள்ளி ஆசிரியை அவள். பிள்ளைகள் பொய் சொன்னால் வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறவள். அவள் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

"அப்பா, தேவகுமார் அண்ணன் இப்பத்தான் கூப்பிட்டாரு. ஆபிஸ்ல வேற யாரோட லெட்டரையோ மாத்தி அனுப்பிட்டாங்களாம். அவரு மேல தப்பே இல்லப்பா, நீங்க போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுக்குங்க. ஆமாப்பா. அதேதான். எட்டாயிரத்து நானூறு."

அவள் தெரிந்தே அப்பாவிடம் சொன்ன முதல் பொய் அது. அதைத் தனக்காகச் சொல்லவில்லை என்பது ஸ்ரீகரனுக்கு நன்றாகத் தெரிந்தது.

"உங்ககிட்ட பேசணுமாம்" என்று கைப்பேசியை அவன் காதருகே பிடித்தாள்.

"தம்பி!" மாமனாரின் குரல் சந்தோஷத்தில் உடைந்தது. "நான் கேட்டதுனாலதானே கிடைச்சது? சும்மா இருந்திருந்தா அந்தக் காசு போயிருக்கும்லா!"

"ஆமா மாமா" என்றான் ஸ்ரீகரன். "ரொம்ப நன்றி மாமா."