பின்னறைச் சுவரின் அடித்தாள்

ஈஸ்டருக்கு அடுத்த புதன்கிழமை காலையில் மேவிஸ் ஆர்மிட்டேஜ் பின்னறைக் கட்டிலை நகர்த்தி, தரையில் பழைய படுக்கை விரிப்புகளைப் போட்டுவிட்டு, சுவரோடு மல்லுக்கு நின்றாள். அவள் அக்கா மகள் ஜோஸிக்கு இந்த ஊரில், டாட்மார்டனிலேயே, வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் இங்கே தங்க வருகிறாள். இருபது வயதுப் பெண்ணை அந்தப் பழுப்புப் பூப்போட்ட சுவர்களுக்குள் எப்படி அடைப்பது? பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை என்பதால் மேவிஸுக்கும் விடுமுறைதான். புருஷன் கிளிஃபர்ட் லாரி எடுத்துக்கொண்டு ராட்டர்டாம் போயிருந்தான். வியாழன் மதியம்தான் வருவான். அதற்குள் சுவரைச் சுத்தமாக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

மேல்தாள் ஒரு தொந்தரவும் தரவில்லை. மூலையில் நகத்தால் நெம்பி இழுத்தால் நீளநீளமாகக் கையோடு வந்தது. அதற்கு அடியில் இருந்த வெள்ளை அடித்தாள்தான் அசைந்து கொடுக்கவில்லை. வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து நனைத்தாள். கால் மணி நேரம் ஊறவிட்டுச் சுரண்டினாள். நகத்தளவு வந்தது. கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு மறுபடி நனைத்தாள். அப்போதும் நகத்தளவுதான். பத்து மணிக்குமேல் பொறுமை போய், கடைக்கு நடந்து நீராவிப் பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தாள். உள்ளே தண்ணீர் கொதிக்கும். குழாய் வழியாக ஆவி வந்து முனையிலிருக்கும் தட்டில் நிற்கும். அந்தத் தட்டைச் சுவரில் அழுத்திப் பிடித்தால் பசை இளகும்.

"எத்தனை வாளிப் பசைய ஊத்தித் தொலைச்ச, கிளிஃப்," என்று எதிரில் இல்லாத புருஷனைத் திட்டினாள்.

அந்தத் தாளை ஒட்டியது அவன்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரே நாளில், அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. அதற்குமுன் இந்த அறைச் சுவரில் வாத்துக்குஞ்சுகள் இருந்தன. ஏழாம் மாசத்து வயிற்றோடு ஏணியில் ஏறி நின்று அவளே ஒட்டிய தாள். குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. மயக்கம் தெளிந்து அவள் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை என்று மட்டும் தலைமை நர்ஸ் சொன்னாள். மறந்துவிடு, இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்றாள். இன்னொன்று பிறக்கவில்லை. பத்து நாள் கழித்து வீடு திரும்பியபோது அறை பழுப்பாகியிருந்தது. வாத்துகளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டான் என்று அவள் நினைத்தாள். அவனிடம் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த விஷயத்தைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சும் கிடையாது. அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

நீராவி பட்ட இடத்தில் சுரண்டியை வைத்துத் தள்ளினாள். முதல்முறையாக உள்ளங்கை அகலத்துக்கு அடித்தாள் சுருண்டு வந்தது. அதன்கீழே மஞ்சளாக ஒரு வாத்துக்குஞ்சு.

மேவிஸின் கை நின்றுவிட்டது. காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். கிழிக்கவே இல்லை. எட்டு வருஷமாக அது இங்கேயே, பசைக்கு அடியில் இருந்திருக்கிறது. அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அது கிளம்பின மறுநொடி, பக்கத்து வீட்டு ரேடியோ அலற ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டுக்காரர் லெனர்ட் சக்டன், ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணமாகாதவர். தெருவில் எதிர்ப்பட்டால் மரியாதைக்குத் தொப்பியைத் தொடுவார், அதோடு சரி. ஆனால் இவள் இந்த அறைக்குள் வந்து அழுதாளோ இல்லையோ, அந்த மனுஷன் ரேடியோவை வீடு அதிர வைத்துவிடுவார். நெஞ்சில் ஈரமில்லாத ஜென்மம் என்று அக்காவிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

கோபம் தலைக்கேறியது. எழுந்து சக்டன் வீட்டை ஒட்டிய சுவரில் தட்டை அழுத்திப் பிடித்தாள். ஆவி குபுகுபுவென்று வந்தது. ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். கல் சுவரில் தட்டின சத்தமாக இல்லை. பெட்டியில் தட்டினதுபோல் கேட்டது. இன்னும் கொஞ்சம் சுரண்டினாள். தாளுக்குப் பின்னால் ஈரத்தில் ஊறி உப்பிய பலகை தெரிந்தது. என்னவென்று பார்க்க உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஆள் உயரத்துக்கு இருந்த பலகை, தாளோடும் தூசியோடும், அந்தப் பக்கமாகச் சாய்ந்து சக்டனின் கட்டில்மேல் விழுந்தது.

தூசி அடங்கியது. கட்டில் ஓரத்தில், ஒரு காலில் மட்டும் காலுறையோடு, கையில் டீக் கோப்பையோடு லெனர்ட் சக்டன் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையை நீட்டி ரேடியோவை நிறுத்தினார்.

"என்னைக்காவது இது நடக்கும்னு தெரியும்," என்றார்.

"என்ன இது?"

"கதவு இருந்த இடம்மா. உங்க வீடு எங்க அத்தையோடது. சின்ன வயசுல இதுக்குள்ள பூந்துதான் ஓடித் திரிவேன். அத்தை போனப்புறம் அப்பா அதை வித்துட்டார். செங்கல் வச்சு அடைக்கிறேன் அடைக்கிறேன்னு சொல்லிட்டே இருந்தார். பலகையை அடிச்சு, ரெண்டு பக்கமும் தாள ஒட்டுனதோட சரி."

மேவிஸ் கட்டில்மேல் கிடந்த பலகையைப் பார்த்தாள். அரை விரல் கனம்கூட இல்லை. இந்தப் பக்கம் அவள் முழங்காலிட்டு அழுவாள். அந்தப் பக்கம் மூன்றடி தூரத்தில் அவர் தலையணை.

"அப்ப உங்களுக்கு எல்லாம் கேட்டுச்சா?"

சக்டன் கோப்பைக்குள் விழுந்த தூசியையே பார்த்தார்.

"சொல்லுங்க. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவளுக்குக் காது மடல்வரை சூடேறியது. யாரும் பார்க்கக்கூடாது என்று தேடித் தேடி வந்து அழுத அறை. புருஷனுக்குக்கூடக் காட்டாத அழுகை. நடுத்தெருவில் துணியில்லாமல் நிற்பதுபோல் இருந்தது.

"அதனாலதாம்மா ரேடியோவ வச்சேன்," என்றார் அவர். "நீங்க ஆரம்பிச்சதும் வச்சுடுவேன். என் காதுல விழக்கூடாதுல்ல."

"வந்து சொல்லியிருக்கலாமே!"

"என்னன்னு வந்து சொல்றது? நீங்க அழறது எனக்குக் கேக்குதுன்னா? ஒண்டிக்கட்டை ஆம்பள வந்து வாசல்ல நின்னு சொல்ற பேச்சா அது?"

"எட்டு வருஷம், மிஸ்டர் சக்டன்."

"தப்புதான். செங்கலாவது வச்சிருக்கணும்." அவளை ஆறுதல்படுத்துகிற நினைப்பில் அவரே தொடர்ந்தார். "உங்க வீட்டுக்காரர் இந்த அறைக்கு வர்றப்ப ரேடியோவுக்கு வேலையில்ல. அவர் சத்தம் போட்டு அழ மாட்டார். ஞாயித்துக்கிழமை நீங்க சர்ச்சுக்குப் போனதும் வருவார். ஹெஸ்டர்கிட்ட கொஞ்ச நேரம் பேசுவார். போயிடுவார்."

"யார்கிட்ட?"

சக்டன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்," என்றார் மெதுவாக.

"ஹெஸ்டர் யாரு?"

"அத அவர்தாம்மா சொல்லணும். நான் வாயத் திறந்ததே அதிகம்."

சக்டன் எழுந்தார். பலகையைத் தூக்கி நிமிர்த்தி, அந்தப் பக்கமிருந்து நாற்காலியை முட்டுக் கொடுத்து வைத்துவிட்டார்.

அன்று முழுக்க மேவிஸ் ஒரு வேலையும் செய்யவில்லை. ஹெஸ்டர். லாரிக் கம்பெனி அலுவலகத்தில் அப்படி யாரும் இல்லை. துறைமுகத்து உணவு விடுதியில் இருப்பாளோ? எதிரில் இல்லாத பொம்பளைகிட்ட யாராவது காலி அறையில் தனியாக நின்று பேசுவார்களா? அவனுடைய கோட்டுப் பைகளைத் துழாவினாள். டீசல் ரசீதுகளும் புதினா மிட்டாயும் இருந்தன. பதினெட்டு வருஷமாகச் சேர்ந்து வாழ்ந்தவனை யாரோ வேற்று ஆள்போல நினைத்துப் பார்க்கவேண்டியிருந்தது.

வியாழன் மதியம் கிளிஃபர்ட் வந்தான். "மேவ், எங்க இருக்க?" என்று படியேறி வந்தவன் அறை வாசலிலேயே நின்றுவிட்டான். முதலில் வாத்துகளைப் பார்த்தான். பிறகு சாய்ந்து நின்ற பலகையையும், அதன் விளிம்பில் தெரிந்த சக்டனின் ஜன்னல் வெளிச்சத்தையும் பார்த்தான்.

"ஹெஸ்டர் யாரு, கிளிஃப்?"

அவன் பையைக் கீழே வைத்தான். கவிழ்த்து வைத்திருந்த வாளியில் உட்கார்ந்தான்.

"நம்ம பொண்ணு," என்றான்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. எந்தப் பொண்ணு என்று கேட்க வாயெடுத்தாள். கேட்பதற்குள் புரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளுக்குப் பேர் இருக்கா?"

"நர்ஸ் துணியில சுத்திக் கொண்டாந்து என் கையில குடுத்தா. பேர் ஏதாச்சும் வச்சிருக்கீங்களான்னு கேட்டா. அந்தப் பேர் வாயில வந்துச்சு. எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியாது."

"நீ அவளத் தூக்குனியா?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"நான் பத்து நாள் அங்கயே படுத்துக் கிடந்தேன். ஒருத்தர்கூட எனக்குக் காட்டல. நீ தூக்கிப் பேர் வச்சிருக்க. எட்டு வருஷமா என் பிள்ளைக்கு ஒரு பேர் இருந்திருக்கு, எனக்குத் தெரியல."

"உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க, மேவ். சொன்னா நீ தாங்கமாட்ட, புத்தி பேதலிச்சிடும்னாங்க."

"எங்கிட்ட கேட்டியா நீ?"

கையிலிருந்த ஈரத் துணியை அவன்மேல் விட்டெறிந்தாள். அது அவன் தோளில் விழுந்து தொங்கியது, அவன் எடுக்கவில்லை. அந்தப் பக்கத்து அறையில் சக்டன் கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கிப் போகும் சத்தம் ஒவ்வொரு படியாகக் கேட்டது.

"இதைக் கிழிச்சுப் போடத்தான் வந்தேன்," என்றான் கிளிஃபர்ட், சுவரைக் காட்டி. "நீ வந்து பார்த்தா உடைஞ்சு போயிடுவியேன்னு. ஒரு மூலையக்கூட இழுக்க முடியல. கை வரல. அதான் மேல ஒட்டி மூடிட்டேன்."

சுவரிலிருந்த வாத்துக்குஞ்சைப் பார்த்தபடி அவள் கேட்டாள். "எப்படி இருந்தா?"

"தலை நிறைய முடி. கறுப்பு. நெத்தி உன்னோடது. கோவிச்சுக்கிட்ட மாதிரி ஒரு மூஞ்சி."

"கண்ணு?"

"மூடியிருந்துச்சு."

"எங்க வச்சாங்க?"

"மேட்டுக் கல்லறையில. மேல சுவரோரம். இன்னும் சில குழந்தைங்களும் அங்கதான். கல்லு கிடையாது. எந்த இடம்னு குழி வெட்டுனவர்கிட்ட கேட்டு வச்சுக்கிட்டேன்."

அன்று ராத்திரி மேவிஸ் முன்னறை சோபாவில் படுத்தாள். அவனை மன்னித்தாள் என்று சொல்ல முடியாது. அதற்கு இன்னும் நாள் இருந்தது. அடுத்த வாரம் கிளிஃபர்ட் இந்தப் பக்கமும் சக்டன் அந்தப் பக்கமுமாக நின்று அந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அப்போதும் அவள் இரண்டு பேருக்கும் டீ கொடுத்தாளே தவிர முகம் கொடுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே, அவன் வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை காலையிலேயே, கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"கூட்டிட்டுப் போ," என்றாள்.

மேட்டுக் கல்லறையில் காற்று ஆளைத் தள்ளியது. சுவரோரத்தில் வெறும் புல். கிளிஃபர்ட் ஓர் இடத்தில் நின்று தொப்பியைக் கழற்றினான். மேவிஸ் குனிந்து ஈரப் புல்லில் உள்ளங்கையை வைத்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தாள். தன் வாயில் அது புதிதாக இருந்தது. இரண்டாம் முறை சொன்னபோது கிளிஃபர்ட் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவன் கோட்டின் கைப்பகுதியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில், அவளோடு பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கும் பெரில் முன்சீட்டிலிருந்து திரும்பினாள்.

"என்னடி, ரெண்டு பேரும் ஜோடியா இந்தப் பக்கம்? லீவுல எங்க சுத்திட்டு வர்றீங்க?"

"எங்க பொண்ணப் பார்த்துட்டு வர்றோம்," என்றாள் மேவிஸ்.

பெரில் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தாள், கிளிஃபர்டைப் பார்த்தாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

"ஹெஸ்டர்," என்றாள் மேவிஸ். "அக்டோபர் வந்தா ஒம்பது முடியுது."