என் தண்ணீர், அவர் கூரை

1

இந்தக் கதை ஒரு ரப்பர் வாஷரிலிருந்து பிறந்தது. கனவு, தரிசனம், பேருந்தில் பார்த்த சோகக் கண்கள் என்று கௌரவமான பிறப்பிடம் ஒன்றைச் சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் நடந்தது இவ்வளவுதான்: நீஷ் நகரில், நான்காம் மாடியில், என் ஷவர் தண்ணீர் வடிந்துபோகும் வளைகுழாயில், அதாவது ட்ராப்பில், ஒரு வாஷர் நைந்துபோனது.

எங்கள் கட்டடத்தைக் கட்டியவர்களுக்குக் குறும்பு அதிகம். ஒவ்வொரு வீட்டு ட்ராப்பையும் அந்த வீட்டுத் தரைக்கு அடியில், கீழ்வீட்டுக் குளியலறைக் கூரையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். என் வீட்டுத் தண்ணீர் ஒழுகினால், அதைச் சரிசெய்யக் கீழ்வீட்டுக்காரர் எனக்குக் கதவு திறக்க வேண்டும். அதனால் இங்கே யாரும் கீழ்வீட்டுக்காரரைப் பகைத்துக்கொள்வதில்லை. மேல்வீட்டுக்காரரைத் தாராளமாகத் திட்டலாம்.

நான் பகைத்துக்கொண்டவன். ஏழு வருடமாக.

2

முதல் தொடக்கம்: "நீஷ் நகரின் மீது மௌனமாகப் பனி பொழிந்துகொண்டிருந்த அந்த—"

(பனியெல்லாம் இல்லை. சேறுதான். அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "மிலென்டியே என்ற ஓய்வுபெற்ற பொறியாளர், ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு—"

மிலென்டியே நான்தான். படிப்பைக் கூட்டி, தொப்பையைக் குறைத்திருந்தேன். ஒரு பக்கம் வரை நன்றாகவே நடமாடினார். அந்தப் பக்கத்தை என் மனைவி லுபின்கா படித்தாள்.

"யாருங்க இவரு, ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்ச மனுஷன்? நம்ம வீட்ல அப்படி யாரும் இல்லையே."

மிலென்டியே அந்த இடத்திலேயே காலமானார். இனி நானே வருகிறேன். என் பெயர் ஒப்ராத்.

2 (மறுபடியும், இந்த முறை ஒழுங்காக)

கீழ்வீட்டுக்காரர் ராதிவோய் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரே மகன் கனடாவில். ஏழு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் குளியலறைத் தரை வழியாக* அவர் குரல் கேட்டது. மகனிடமிருந்து போன் வருவதற்கு முன்னால், கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கேன்டா. ஒரு குறையும் இல்ல. இந்த வருஷமும் வர முடியலேன்னா என்ன, வேலைதானே முக்கியம்."

பிறகு அதையே இன்னும் கொஞ்சம் உற்சாகமாக. பிறகு மறுபடியும். நான்காவது தடவை "ஒரு குறையும்" என்பதோடு குரல் நின்றுவிட்டது.

அதை நான் நகைச்சுவைக் கதையாக எழுதினேன். ரயிலைப் பேருந்தாக்கினேன், பெயரை மாற்றினேன். யாரும் ஏமாறவில்லை. அந்தப் பத்திரிகை கட்டடம் முழுக்கக் கை மாறியது. ஒரு மாதம்வரை லிஃப்டில் யாரை எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும், "ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். ராதிவோய் லிஃப்டுக்காக நிற்பதை விட்டார். நான் எழுதியதிலேயே அதிகம் பேரைச் சிரிக்கவைத்த கதை அது. நினைத்தால் இன்னும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

* குழாய் இறங்கும் துளையைச் சுற்றி யாரும் சிமென்ட் பூசவில்லை. தண்ணீர் கீழே போகிறது, பேச்சு மேலே வருகிறது.

3

நவம்பர் கடைசியில் லிஃப்டுக்குள் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: "நான்காம் மாடிக்கு: உங்கள் தண்ணீர் என் வீட்டுக்கு வந்திருக்கிறது. ஷவரை மூடவும்."

இறங்கிப் போய் மணி அடித்தேன். சங்கிலியை மாட்டியபடியே கதவு நான்கு விரல் திறந்தது.

"எழுத்தாளரா? வீட்ல கதை ஒண்ணும் இல்லையே. இருந்ததெல்லாம் முன்னாடியே எடுத்துட்டுப் போயிட்டீங்க."

"அண்ணே, அந்த ட்ராப்பை மட்டும் பார்த்து—"

"நீ ஷவரைத் திறக்காம இரு. என் கூரை தானா காஞ்சுக்கும்."

கதவு மூடியது. (இந்த இடத்தில் நான் ஒரு சாமர்த்தியமான பதில் சொன்னதாக ஒரு பிரதி இருக்கிறது. நம்பாதீர்கள். மூடிய கதவிடம் "சரிங்கண்ணே" என்றேன்.)

4

(மூன்று வாரம் நாங்கள் எங்கே குளித்தோம் என்பது இங்கே இருந்தது. லுபின்கா அடித்துவிட்டாள். அவளுடைய அக்காவும் இதைப் படிப்பாராம்.)

5

டிசம்பர் பத்தொன்பது, புனித நிக்கோலா நாள். ராதிவோய் குடும்பத்தின் காவல் புனிதர் அவர். இப்படிப்பட்ட குடும்பத் திருநாளுக்கு எங்கள் ஊரில் யாரையும் அழைப்பதில்லை. வருபவர்கள் வருவார்கள். வந்தவரை வாசலில் நிறுத்தவும் கூடாது, அன்றைக்குக் கடுஞ்சொல் சொல்லவும் கூடாது.

"அன்னைக்கு அவரால கதவைச் சாத்த முடியாது," என்றாள் லுபின்கா. "ஒரு வைன் பாட்டிலை எடுத்துட்டுப் போங்க. கோட்டுக்குள்ள ரெஞ்சையும் வெச்சுக்குங்க."

போனேன். ராதிவோய் என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டு "வாங்க" என்றார். அவர் மனைவி ஸகோர்க்கா சர்க்கரையும் வாதுமைக்கொட்டையும் கலந்த, வேகவைத்த கோதுமை இருந்த தட்டை நீட்டினார். ஒரு கரண்டி எடுக்கக் குனிந்தேன். ரெஞ்சு கோட்டிலிருந்து நழுவி, பன்னிரண்டு விருந்தாளிகள் முன்னால் தரையில் விழுந்தது.

ராதிவோய் முகத்தில் ஏழு வருடத்தில் முதல் தடவையாகச் சந்தோஷத்தைப் பார்த்தேன்.

"நிக்கோலா சாமி நாள்ல வேலையா?" அவர் குரல் தேனாக இருந்தது. "இன்னைக்கு இந்த வீட்ல ஒரு ஆணி கூட அடிக்க மாட்டோமே. பாவம்ல. உக்காருங்க, சாப்பிடுங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்குக் கதவு திறக்கும் ஒரே நாள், ரெஞ்சைத் தொடக் கூடாத நாள். எங்கள் ஊரில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரிந்த விஷயம், ரெஞ்சை ஒளிப்பதிலேயே புத்தி போனதால் எனக்கும் லுபின்காவுக்கும் மறந்துவிட்டது. நோன்புக் காலம், இறைச்சி கூடாது என்பதால் மீன் சூப். மூன்று கிண்ணம் குடித்தேன், பிளம் சாராயமும் குடித்தேன், ஒரு சொட்டு ஒழுகலையும் நிறுத்தாமல் எழுந்தேன். கிளம்பும்போது ஸகோர்க்கா வாசல்வரை வந்தார்.

"நாளைக்கும் வா தம்பி. சூப் அரை அண்டா மிச்சம் கெடக்கு."

6

மறுநாள் ரெஞ்சைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போனேன்.

"திருநாள் நேத்தோட முடிஞ்சுது," என்றார் ராதிவோய்.

"சூப் மிச்சம் இருக்குன்னு அண்ணி சொன்னாங்க."

"சூப் இருக்குன்னா திருநாள். திருநாள்னா ரெஞ்சு வெளிய. சூப் இல்லேன்னா நீ வெளிய. எது வேணும், சொல்லு."

உள்ளிருந்து ஸகோர்க்காவின் குரல் வந்தது.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. கூடத்துல திருநாள். குளியலறையில சாதாரண நாள். மூணு வாரமா அந்தக் கறையைப் பாத்துக்கிட்டே பல்லு தேய்க்கிறேன். ஏணி கதவுக்குப் பின்னாடி இருக்கு."

கூரைப் பலகை ஒன்றைக் கழற்றினோம். ட்ராப் தளத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு இடுக்கில் இருந்தது. என் கை முழங்கையோடு மாட்டிக்கொண்டது. இழுத்து வெளியே எடுப்பதற்குள் தோல் உரிந்தது. ராதிவோய் கொஞ்ச நேரம் அதை ரசித்துப் பார்த்தார். பிறகு, "எறங்கு. பேனா பிடிச்ச கை. பன்னு மாதிரி இருக்கு," என்று ஏணியில் ஏறினார்.

அவருடைய ஒல்லிக் கை தோள்வரை உள்ளே போனது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தொட்டுத் தொட்டுப் பார்த்தே நட்டைக் கழற்றி, பழைய வாஷரை எடுத்து, புதியதை வைத்து இறுக்கினார். நான் டார்ச் பிடித்தேன். என் அழுக்குத் தண்ணீர் அவர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் போனது.

"மேல போய் ஒரு வாளி ஊத்து. நான் கையை வெச்சுப் பாக்குறேன்."

மேலே ஓடி, ஷவர் அருகே மண்டியிட்டேன்.

"வந்துட்டியா?" பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலத் தரைக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது.

"வந்துட்டேண்ணே."

கீழே ஏணி கிரீச்சிட்டது.

"இவ்வளவு தெளிவாவா கேக்கும்?"

"ஆமாண்ணே."

"அன்னைக்கும்?"

"ஆமா."

"அப்ப நான் அழுததும் கேட்டிருக்கும். அதை ஏன்டா எழுதாம விட்ட?"

பிரதி ஒன்றில் இதற்கு அழகான பதில் இருக்கிறது. பிரதி இரண்டில் நான் அழுகிறேன். பிரதி மூன்றில் அந்த நேரம் பார்த்து லுபின்கா கதவைத் தட்டுகிறாள். நடந்தது: சிரிப்பு வராதுன்னுதான் விட்டேன், என்று உண்மையைச் சொல்ல வாயெடுத்து, "ஊத்தவாண்ணே?" என்று கேட்டேன்.

"ஊத்து. ஆனா இதை எழுதாத."

"சரி," என்றேன். ஊற்றினேன்.

"ஒரு சொட்டு இல்ல," என்றார்.

7

ஆக, இந்தக் கதை இருக்கவே கூடாது. சொன்ன சொல்லை மீறி எழுதிவிட்டேன். மறுபடி கீழ்வீட்டுக் கதவு மூடினால், அது திறக்க ஏழு வருடம் போதாது. அவருக்கு அறுபத்தொன்பது வயது.

ஆனால் போன தடவை அவரிடம் கேட்காமல் அச்சுக்குக் கொடுத்தேன். இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் கண்ணாடி முன் நிற்கும் நேரம் பார்த்து, ஷவர் அருகே உட்கார்ந்து முதல் வரியிலிருந்து தரைக்குள் வாசித்தேன். ரெஞ்சு விழுந்த இடத்தில் கீழே ஒரு செருமல் கேட்டது. சிரிப்பாகவும் இருக்கலாம். "சிரிப்பு வராதுன்னுதான் விட்டேன்" என்ற வரி வந்தபோது, கீழே ஓடிக்கொண்டிருந்த குழாயை அவர் மூடினார். நான் வாசித்து முடித்தேன். அச்சுக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

இது இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அவர் சம்மதித்திருக்கலாம். அல்லது நான் இரண்டாம் தடவையும் திருடியிருக்கலாம். என் சரித்திரம் உங்களுக்குத் தெரியும், தீர்ப்பு உங்களுடையது.

ராதிவோய் பதில் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அதை மட்டும் நான் எழுத மாட்டேன்.