இருபத்து நான்கு அங்குலம்

"ஃபோர்-கேன்னா முப்பத்திரண்டு அங்குலம் எடுங்கண்ணே. போனாப் போகுது, இருபத்தேழு. இருபத்துநாலுல எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊரும்."

"ஊரட்டும். இருபத்துநாலே குடும்மா," என்றார் அபெனிசா.

சுவா நகரத்தில், கம்மிங் தெருவில் மானிட்டர் விற்கும் ஷலேஷ்னிக்கு அவரை அதோடு அனுப்பிவைக்க மனம் வரவில்லை.

"அளவு மாறினாலும் புள்ளி எண்ணிக்கை அதேதாண்ணே. பெரிய திரையில காலை நீட்டி உக்காரும். சின்னதுல சனிக்கிழமை மார்க்கெட் மாதிரி இடிச்சுக்கிட்டு நிக்கும். பெருசாக்கிக்கலாம்னா உங்க வரைபட சாஃப்ட்வேர் பழசு, சொன்ன பேச்சு கேக்காது."

"தெரியும். இதுக்கு முன்னால வாங்கின ரெண்டும் முப்பத்திரண்டுதான்."

"அதுக்குள்ள கெட்டுப்போச்சா?"

"நல்லாத்தான் ஓடுது. ஒண்ணுல ரக்பி, இன்னொண்ணுல சினிமா. அக்கா மகன் வீட்டுல."

ஷலேஷ்னி உள்ளே போய் இருபத்து நான்கை எடுத்து வந்தாள்.

ஊர் வழக்கப்படி அக்கா மகன் வந்து 'கெரெகெரே', அதாவது 'தயவுசெய்து கொடுங்கள்' என்று ஒரு பொருளைக் கேட்டுவிட்டால், தாய்மாமன் எழுந்துபோய் அதன் வயரைக் கழற்ற வேண்டியதுதான். இல்லையென்று சொன்னவரை அபெனிசா இதுவரை பார்த்ததில்லை. அதனால் யாரும் கேட்கத் தோன்றாத பொருளாக வாங்குவது என்று முடிவு செய்திருந்தார்.

அவர் வீட்டிலிருந்தே நில எல்லைகளை வரைந்து கொடுப்பவர். ஒரு கோடு பிசகினால் இரண்டு குலத்தார் தேவாலயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார்கள். மானிட்டர் கைவிட்டுப் போன இரண்டு தடவையும் வரைபடம் தாமதமானது. இந்த வெள்ளிக்கிழமையும் தாமதமானால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக சர்வேயர் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலை அவர் மூக்கு திரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"வரையறீங்களா, முத்தம் குடுக்கறீங்களா?" என்றாள் மனைவி மெரெயோனி.

"முக்கால்வாசி முடிஞ்சுது. சாயங்காலத்துக்குள்ள மீதியும் முடிஞ்சுடும்."

"அதுக்குள்ள கண்ணு முடிஞ்சுடும்."

வாசலில் பஸ் ஒன்று வந்து நின்றது. அவர்கள் தெரு வழியாக எந்த பஸ்ஸும் போவதில்லை. நௌசோரிக்குப் போகும் அந்த பஸ்ஸை ஓட்டும் அக்கா மகன் இலைத்தியா இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தான். சன்னலோரம் இருந்த பயணிகள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"புதுசா மாமா?"

"ஆமா. ரொம்பச் சின்னது மாப்ளே."

"சின்னதுதான்."

"ரக்பி பாத்தா பந்து எங்க இருக்குன்னே தெரியாது."

"வீட்டுக்கு ஆகாது," என்று இலைத்தியா ஒத்துக்கொண்டான்.

அபெனிசாவுக்கு மூச்சு வந்தது. அவனுக்கு டீ போடச் சொன்னார். கோடு போட்டு நிறுத்திய இடத்தைத் தேடி மறுபடியும் திரையில் குனிந்தார்.

இலைத்தியா அந்தத் திரையின் அகலத்தைச் சாணால் அளந்தான். எழுந்து வாசலுக்குப் போய், பஸ்ஸில் ஏறி, டிரைவர் இருக்கைக்குப் பின்னால் இருந்த பலகையை அதே சாணால் அளந்தான். சன்னலோரப் பயணி ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவன் திரும்பி வந்து பாயில் சம்மணமிட்டு, தலையைத் தாழ்த்தி, கேட்கும் முறைப்படி இரண்டு உள்ளங்கையையும் குவித்து மெதுவாகத் தட்டினான்.

"கெரெகெரே மாமா," என்றான். "பஸ்ஸுக்கு அது அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்கு. குடுங்களேன்."