இருட்டைக் கழித்தது போக

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவள் என் தங்கை. கடலுக்குள் இறக்கினால், தண்ணீரிலிருந்து மேலே வரும் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் கருவி ஒன்றைச் செய்கிறாள். அந்த நிறத்தை வைத்துப் பாசி எவ்வளவு, சேறு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஆனால் வீட்டில் நாலு பேர் கூடினால் யாராவது ஒரு அத்தை, "கடலுக்குள்ள கேமரா வைக்கிறாளாமே" என்று முடித்துவிடுவார்.

"எழுத்தாளர்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேல்ல? என் வேலையைப் பத்தி ஒரு தடவை ஒழுங்கா எழுதேன்" என்றாள்.

எழுதுகிறேன். ஆளை விட்டால் போதும்.

2

முதல் ஆரம்பம்: கடல் நீலமாக இருந்தது. அவள் கண்களிலும் அதே

இதற்கு மேல் வாசிக்கவிடாமல் போனை வைத்துவிட்டாள். பிறகு அவளே கூப்பிட்டாள். "கடல் நீலம்னு யார் சொன்னா? எந்தக் கடல்? எந்த நேரம்? மேகம் இருந்துச்சா? இதுக்குத்தானே அண்ணா இத்தனை வருஷமா உயிரை விடறேன்!"

இரண்டாவது ஆரம்பம்: அலைகள் ஓயாமல்

(வேண்டாம். அலைகளைப் பற்றி இதுவரை எழுதியவர்களே போதும்.)

மூன்றாவது ஆரம்பத்தை அவள் பேச்சிலிருந்தே எடுத்துக்கொண்டேன்: கண்ணை மூடினாலும் கருவி எதையோ பார்க்கிறது.

3

விளக்குகிறேன். கொட்டாவி வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், நானும் அடக்கிக்கொண்டுதான் கேட்டேன்.

கருவியின் கண்ணில் கறுப்பு மூடியைப் போட்டு இறுக்கினால் ஒரு பொட்டு வெளிச்சம்கூட உள்ளே போகாது. அப்போது அது பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாது. சும்மா இருக்க முடியாமல் ஒரு சின்ன எண்ணைக் காட்டும். அந்த உளறலுக்கு இருட்டு அளவு என்று பெயர். கடலில் அளந்ததிலிருந்து அதைக் கழித்தால்தான் கடல் சொன்னது மட்டும் மிஞ்சும். கருவி சூடானால் உளறலும் கூடும். ஆகவே மூடியோடு அதைத் தண்ணீரில் இறக்கி, கடலின் குளிருக்கு அது வரும்வரை காத்திருந்து, அப்புறம்தான் இருட்டை அளக்க வேண்டும். இந்த விதியை எழுதியவளே என் தங்கைதான்.*

* "உனக்கும் ஒரு இருட்டு அளவு இருக்கு அண்ணா. எதைக் காட்டினாலும் அதுல ஒரு சோகத்தைப் பார்த்துடுவே. அதைக் கழிச்சுட்டு எழுது." கழித்தால் தாளில் என்ன மிஞ்சும் என்பதுதான் என் கவலை.

4

இந்த இடத்தில் கதாநாயகி மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. கெட்டிக்காரி, கோபக்காரி, தப்பே செய்யாதவள். இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு எவனாலும் கதை எழுத முடியாது. இத்தனைக்கும் அவளுக்குப் போதாத காலம். கடைசிக் கப்பல் பயணத்தில் கருவி காட்டிய எண்களெல்லாம், அதே கடலை வானத்திலிருந்து அளக்கும் செயற்கைக்கோள் சொன்னதைவிடக் குறைவு. சிவப்பு நிறத்தில் சில இடங்களில் பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது. இருட்டைவிட இருட்டான கடல்! "இதை மூட்டை கட்டிட்டு ரெடிமேடா ஒண்ணு வாங்கிடலாம்மா" என்று அவளுடைய ஆய்வுக்கூடத் தலைவர் சொல்லிவிட்டார். அதை முடிவு செய்யக் கூட்டமும் வைத்துவிட்டார்.

"நீ ஏதாவது தப்பு பண்ணியா? கதைக்கு வேணும்" என்று கேட்டேன், விளையாட்டாகத்தான்.

போனில் அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"வாந்தி அண்ணா. கப்பல் ஏறினதுலேர்ந்து வாந்தி. ஒவ்வொரு தடவையும் மூடியோட இறக்கிட்டு, குளிரற வரைக்கும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். என்னால முடியல. மேல்தளத்துல வெயில்லயே வெச்சு இருட்டை அளந்துட்டேன். யாரும் பார்க்கல."

வெயிலில் காய்ந்த கருவி தாறுமாறாக உளறியிருக்கிறது. அந்தப் பெரிய எண்ணைக் குளிர்ந்த கடலில் அளந்ததிலிருந்து கழித்திருக்கிறார்கள். கருவியில் ஒரு கோளாறும் இல்லை.

"அப்ப சொல்லித் தொலையேன்."

"சொன்னா கருவி பிழைச்சுக்கும். ஆனா என்னை மறுபடி கப்பல்ல ஏத்த மாட்டாங்க. வேற யாரோ அதைக் கடல்ல இறக்குவாங்க, நான் கரையில நின்னு கையாட்டணும். பெத்த பொண்ணை... இதை எழுதாதே, சினிமா வசனம் மாதிரி இருக்கு."

(எழுதிவிட்டேன்.)

5

முடிவு அ: அவள் உண்மையைச் சொல்கிறாள். தலைவர் எழுந்து வந்து தோளில் தட்டிக்கொடுக்கிறார்.

(அவரைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். காபி எடுக்கக்கூட எழுந்து வரமாட்டார்.)

முடிவு ஆ: அவள் வாயைத் திறப்பதில்லை. கருவி அலமாரிக்குப் போகிறது, கண்ணில் மூடியோடு, என்றென்றும்

(சோகம். என் இருட்டு அளவு. கழித்துக்கொள்ளவும்.)

முடிவு இ: ஆய்வுக்கூடத்துத் தொட்டியில் கடலின் குளிருக்குத் தண்ணீரை வைத்து, இருட்டை மறுபடி அளக்கிறாள். பழைய எண் இருந்த இடத்தில் சத்தமில்லாமல் புதிய எண்ணை வைக்கிறாள். எல்லாம் செயற்கைக்கோளோடு பொருந்துகிறது. கருவியும் பிழைக்கிறது, அவளும் பிழைக்கிறாள். எனக்கு இதுதான் பிடித்திருந்தது. பெருமையாக வாசித்துக் காட்டினேன்.

"தொட்டியில அளந்தாச்சு, நேத்தே" என்றாள். "அப்படியே பொருந்துது. எண் சரிதான். ஆனா அதைக் கடல்ல எடுத்தேன்னு பொய் சொல்லணும். ரெண்டு விதமாவும் அறிக்கை தயார் பண்ணி வெச்சிருக்கேன்."

அதன் பிறகு எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருந்தது!

6

இன்றுதான் கூட்டம். கூட்ட அறைக்கு வெளியே நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"என்ன முடிவு எழுதினே?"

"நீ என்ன செய்யப் போறே, முதல்ல அதைச் சொல்லு."

"நீ எழுதினதைக் கேட்டுட்டு அதுக்கு நேர்மாறா செய்யலாம்னு இருந்தேன். அதுக்குக்கூட உபயோகம் இல்லியா நீ? எழுத்தாளனாம்!"

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. போனை அணைக்காமலேயே பைக்குள் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. நாற்காலிகள் இழுபட்டன. தலைவரின் குரல், துணிக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது: "என்னம்மா, இருட்டைவிட இருட்டா ஒரு கடலாமே? என்ன சொல்றே?"

அவள் தொண்டையைச் செருமினாள். சின்ன வயதிலிருந்தே உண்மை சொல்வதற்கு முன்னும் அப்படித்தான் செருமுவாள், பொய் சொல்வதற்கு முன்னும் அப்படித்தான்.

நான் போனைத் துண்டித்துவிட்டேன்.

கேட்டிருக்கலாமே என்று திட்டுவீர்கள். தாராளமாகத் திட்டுங்கள். கேட்டிருந்தால் எழுதியிருப்பேன், என் தங்கையை அச்சில் ஏற்றிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பேன். எனக்கு அவள் வேண்டும். கதையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவள் என்ன செய்வாள் என்று பாதியிலேயே ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். அது அவளைப் பார்க்காமலே, கண்ணில் மூடி இருந்தாலும் நீங்கள் சொல்லியிருக்கக்கூடியது. முதலில் அதைக் கழியுங்கள். மிஞ்சுவதை இங்கே எழுதுங்கள், இடம் விட்டிருக்கிறேன். கடல் நீலம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், போன் எனக்குத்தான் வரும்.

அவள் சொன்னாள்: "