முதல் மூன்று நாட்கள்

நான்காம் நாள் பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தட்டு நகரும் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம், நடுவில் அக்காவின் கணவர், என் மாமா, சொன்ன "உப்பு". அவ்வளவுதான். மிச்ச நாட்களும் அதே லட்சணம். கணவன் மனைவி வீட்டில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பது என் ஆய்வு. தெரிந்தவர்கள் எல்லோரும் நழுவிவிட, கடைசியில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பத்து நாளைக்கு ரெக்கார்டரை வைத்திருந்தேன். ஆய்வேட்டை ஒப்படைக்க ஆறு வாரம்தான் பாக்கி.

முதல் மூன்று நாட்களோ வேறு யார் வீட்டிலோ பதிந்தது போல இருந்தன. லிஃப்ட் மெக்கானிக்கான மாமா, இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு உள்ளிருந்தபடியே வக்கீலுக்கு போன் போட்ட ஆளைப் போலவே பேசி நடித்துக் காட்டுகிறார். அக்கா சிரிக்கிறாள். "முதுகு வலி எப்படி இருக்கு?" என்று வேறு கேட்கிறார். அக்காவுக்கு முதுகு என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

என் ஆய்வு நெறியாளருக்கு இதில் குழப்பமே இல்லை.

"முதல் மூணு நாளை அழிச்சிடுங்க. மெஷின் இருக்குங்கற நெனப்புல பேசினது அது. அத மறந்த பிறகு வர்றதுதான் டேட்டா."

"அப்புறம் பேசவே இல்லையே மேடம்?"

"அதுவும் டேட்டாதான்."

இந்த மாதிரி ஆய்வில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பதிவுகளை முன்பே லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருந்தேன்; மேசையிலேயே கிடந்த ரெக்கார்டரை எடுக்கப் போனபோது அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதை வைத்துக்கொள்கிறேன், எதை அழிக்கிறேன் என்று அவளிடம் சொல்லியாக வேண்டும், அது விதி. சொன்னேன்.

"அந்த மூணு நாளை அழிக்காதடி."

"அது நிஜம் இல்லக்கா. மாமா மெஷினுக்காகப் பேசினாரு."

"மெஷினுக்கா முதுகு வலிச்சுது?"

அக்கா துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"பதினோரு வருஷமா, பேசத் தெரியாத மனுஷன்னு நெனச்சு விட்டுட்டேன். அது ஒரு நிம்மதியாத்தான் இருந்துது. இப்ப பேசத் தெரியும்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே நான் என்னடி பண்றது?"

இந்த ஆய்வால் யாருக்கும் எந்தப் பாதிப்பும் வராது என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியவள் நான்தான். அவள் கையெழுத்துப் போட்டதும் என் பேனாவில்தான். எனக்கு அழுகை வந்தது. எது நிஜம், அந்த மூன்று நாளா, இந்த ஏழு நாளா, எதை நான் ஆய்வேட்டில் எழுதுவது, ஒன்றும் புரியவில்லை.

வேலை முடிந்து மாமா வந்தார். பைக்குள் போய்க்கொண்டிருந்த ரெக்கார்டரைப் பார்த்தார்.

"எடுத்துட்டுப் போறியா?"

"ஆமா மாமா. பத்து நாள் முடிஞ்சுது."

"ம்."

கை கழுவிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். நான் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"இன்னிக்கு ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்ல..." என்று ஆரம்பித்தார். என்னிடம் சொன்னாரா, அக்காவிடம் சொன்னாரா, தெரியவில்லை. இரண்டு பேரையும் அவர் பார்க்கவில்லை. அப்படியே நிறுத்திவிட்டார்.

அக்கா மடித்துக்கொண்டிருந்த சட்டையின் கை தரையில் புரண்டது. அதைக்கூடத் தூக்காமல், மூச்சு விட்டால் அவர் ஆரம்பித்த பேச்சு கலைந்துவிடும் என்பது போல நின்றுகொண்டிருந்தாள்.