பூம்பாவைக்குப் பிறகு

விசாலாக்ஷி பதினோரு வருஷமாக கைடு. வெளிநாட்டுக்காரர்களை பஸ்ஸில் கபாலீஸ்வரர் கோயிலுக்கு அழைத்து வருவாள். கோபுரம், குளம், கடைசியாகப் பூம்பாவை சன்னதி. பாம்பு கடித்து இறந்த பெண்ணின் சாம்பலைத் தகப்பன் குடத்தில் வைத்திருந்ததையும், சம்பந்தர் பாடி அவளை உயிரோடு எழுப்பியதையும் சொல்லுவாள். எல்லோரும் கை தட்டிவிட்டு பஸ் ஏறுவார்கள்.

"வீட்டில் யார் யார்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அண்ணா, மன்னி, மூன்று குழந்தைகள் என்பாள். பெரிய குடும்பம் என்றால் அவர்களுக்கு ஒரு சந்தோஷம். உண்மையில் ஆழ்வார்பேட்டை மாடி அறையில் அவளும் அம்மாவும்தான். போன ஆடியில் அம்மாவும் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பால்காரனிடம் பேசுவதோடு சரி.

எழுபத்து நாலாம் வருஷம், தை மாதம், ஒரு சனிக்கிழமை. கதை முடிந்து மற்றவர்கள் நகர்ந்தும், கனடாவிலிருந்து தனியாக வந்திருந்த வயதான அம்மாள் நின்றாள்.

"எழுந்து வந்தாளே, அப்புறம் அந்தப் பெண் என்ன செய்தாள்?"

இதுவரை யாரும் கேட்டதில்லை. "அவளைக் கல்யாணம் செய்துகொள்ளும்படி சம்பந்தரிடமே கேட்டார் அவள் அப்பா. உயிர் கொடுத்த நான் தகப்பன் மாதிரி என்று அவர் மறுத்துவிட்டார். அவள் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை."

"அவளுக்கு யார் துணை?"

"தெரியவில்லை," என்றாள் விசாலாக்ஷி.

அந்த அம்மாள் சன்னதி எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கணவரும் வருவதாக இருந்ததாம். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது இறந்துபோனாராம். விசாலாக்ஷியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் வீட்டில் யார் இருக்கிறார்கள்?"

அண்ணா, மன்னி என்று சொல்ல வாய் வரவில்லை. "யாரும் இல்லை," என்றாள். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் எல்லோரையும் ஓட்டலில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது டிரைவர் கனகராஜ் கேட்டான். "கூப்புட வந்தப்போ கோயில்ல அழுதுக்கினு இருந்தீங்களே, இன்னா ஆச்சி? ஊட்ல அண்ணங்கிட்ட சொல்லிட்டு ரெண்டு நாள் லீவு போடுங்கம்மா."

பஸ்ஸில் அவள் சொல்லும் குடும்பக் கதையை ஏழு வருஷமாகக் கேட்டு வந்தவன்.

"அண்ணாவெல்லாம் கிடையாது, கனகராஜ். ஆத்துல நான் மட்டும்தான்."

ஆழ்வார்பேட்டையில் அவன் பஸ்ஸை நிறுத்தினான். அவள் இறங்கும்போது, "நாளைக்கு சைதாப்பேட்டைக்கு வாங்களேன். தங்கம் உங்கள பாக்கணும்னு சொல்லிக்கினே கீது," என்றான். தங்கம் அவன் மனைவி.

மறுநாள் நாலு மணிக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றாள். அழைத்தது பரிதாபத்தில்தானே என்று தோன்றிற்று. இரண்டு பஸ்களை விட்டுவிட்டு மாடிக்குத் திரும்பினாள்.

திங்கட்கிழமை கனகராஜ், "தங்கம் பாயசம் வெச்சிக்கினு காத்துக்கினு இருந்துச்சி," என்றான்.

"அடுத்த வாரம் வரேன்," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.