நாலாவது தடவை வந்த பூசணம்

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலந்தால் வேலை இரட்டிப்பாக நடக்கும் என்று சாமுவேல் கணக்குப் போட்டான். போத்தனூர் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. கணக்கு அவனுக்குப் பழக்கம்தான். வாளியிலிருந்து மஞ்சளாக ஒரு புகை எழுந்து மூக்குக்குள் குத்தியது. இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு இருமியபடியே வாசலில் வந்து விழுந்தான். குளியலறைச் சுவரில் இருந்த கறுப்புப் பூசணம் மட்டும் அலுங்காமல் அப்படியே இருந்தது.

வீட்டுக்கார அம்மா நஞ்சம்மாள் செம்புத் தண்ணீரோடு ஓடிவந்தாள். "ஏனுங்க தம்பி, கொசு மருந்து அடிக்கறவங்க ஊட்டுக்குள்ளயே பூந்துட்டாங்களா?"

"நாந்தானுங்க அடிச்சேன். கொசு தப்பிச்சுக்குச்சுங்க."

வாய் அப்படிச் சொன்னாலும் மனசு ஒரு நிலையில் இல்லை. மூன்று வயது மகள் அன்புச்செல்விக்கு ஒரு மாதமாக மூச்சிளைப்பு. பூசணம் பிடித்த வீட்டில் பிள்ளையை வைக்காதீர்கள் என்று டாக்டர் சொன்ன அன்றே, மனைவி கிருபா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவிநாசியில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கறுப்பு போனால்தான் வருவாள். அவனும் மூன்று தடவை சுரண்டி வெள்ளையடித்தான். மூன்று தடவையும் பத்தே நாளில் அது திரும்பி வந்து, வாடகை கொடுப்பதே தான்தான் என்பதுபோல் உட்கார்ந்துகொண்டது. இது நாலாவது தடவை.

ஆபீசில் இருப்புக்கொள்ளவில்லை. மத்தியானச் சோற்றைப் பாதியில் மூடிவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் போனான். ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கண்டவரையெல்லாம் கேட்டான். காந்திபுரத்துப் பெயிண்டுக் கடைக்காரர், "போயிருமுங்க. போனாலும் வருமுங்க. வந்தாலும் போயிருமுங்க" என்றார். நஞ்சம்மாள், "பழைய ஊடுங்க, பாத்துக்கலாமுங்க" என்றாள். இந்த ஊரில் காலை மிதித்தவனிடமே "உங்க காலு வலிக்குதுங்களா" என்றுதான் கேட்பார்கள். முகத்துக்கு நேரே ஒரு குற்றம் சொல்லிவிட மாட்டார்கள்.

மறுநாள் நஞ்சம்மாள் சொல்லி அனுப்பிய கொத்தனார் பீர் முகம்மது வந்தார். சுவரைப் பார்க்கவில்லை, அண்ணாந்து பார்த்தார். கூரையை ஒட்டியிருந்த வென்டிலேட்டரில் அட்டை வைத்து, அதன்மேல் சாக்கைத் திணித்திருந்தது.

"இதை யாருங்க அடைச்சது?"

"நாந்தானுங்க. ஆடி மாசம் பாலக்காட்டுக் காத்து ஊசியாட்டம் அடிச்சுதுங்களே. குளிக்கையில பாப்பாவுக்குச் சளி புடிச்சுருமேன்னு..."

பீர் முகம்மது வாளியைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஏறினார். "பாசத்துல செஞ்சதுங்க. இருக்கட்டுமுங்க." சாக்கைப் பிடித்து இழுத்தார். பின்னாலேயே அட்டையும் வந்தது. உள்பக்கம் கரிச்சட்டி மாதிரி இருந்தது. மூன்று மாதமாக வெளியே நின்றிருந்த காற்று உள்ளே வந்தது.

கறுத்த பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, பிளீச்சிங் பவுடர் தண்ணீரால் மட்டும் கழுவினார். புதுப் பூச்சு பூசினார். அது காய்ந்தபின், பூசணம் மறுபடி பிடிக்காமலிருக்க, சுண்ணாம்பில் மயில்துத்தம் கரைத்து அடித்தார்.

"குளிச்சதும் சுவத்துத் தண்ணியத் தொடைச்சு உடுங்க. கதவைத் தொறந்து போடுங்க. காத்தை மட்டும் அடைச்சுப்போடாதீங்க."

"அப்ப இத்தனைக்கும் நாந்தான் காரணமுங்களா?"

"அப்படிச் சொல்ல முடியுமுங்களா? காலம் அப்படிங்க."

சாமுவேலுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. நேரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், அவிநாசியில் பக்கத்து வீட்டு நம்பரைப் போட்டுக் கிருபாவைக் கூப்பிடச் சொன்னான். அவள் வந்ததும் அட்டை, சாக்கு, காற்று என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான்.

"நெசத்தைச் சொல்லு கிருபா. பாப்பாவுக்கு எளைச்சது என்னாலதானா?"

இவளும் அப்படியெல்லாம் இல்லைங்க என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தான்.

"ஆமாங்க," என்றாள் கிருபா. "உங்களாலதான். பக்கத்துல நின்னு தலையாட்டுன என்னாலயும்தான். இன்னும் பத்து நாள் போகட்டும். கறுப்பு வரலைன்னா பாப்பாவைக் கூட்டிட்டு வாரேன். வந்துச்சுன்னா, வேற ஊடு பாருங்க."